உருமி மேளத்தை ஒலிப்பதிவு செய்யும்போது 'கேட்' கவனம்!

தைப்பூசம் நெருங்கிவிட்டால் கிள்ளான் பள்ளத்தாக்கில் உருமி மேளக் குழுக்களின் ஒத்திகைச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாக்களில் ஒலித்த மேளம், தோட்டங்கள் மூடப்பட்டு மக்கள் பட்டணத்துக்கு வந்தபோது அவர்களுடனேயே வந்தது. இன்று பல குழுக்கள் பணம் சேர்த்து, தங்கள் வாசிப்பை ஒலிப்பதிவு செய்து இணையத்தில் வெளியிடுகின்றன.

ஆனால், நேரில் கேட்டால் நெஞ்சு அதிரும் மேளம், பதிவில் பல வேளைகளில் சத்தக் குவியலாகிவிடுகிறது. எது உருமி, எது தப்பு என்றே பிரித்தறிய முடிவதில்லை. சில பதிவுகளில் உருமியின் உறுமலே காணாமல் போய்விடுகிறது. இந்த இரண்டு குறைகளுக்கும் பின்னால் இருப்பவை ஒலிக்கசிவும், அதைத் தடுக்கப் பயன்படும் 'நோய்ஸ் கேட்' கருவியும்தான்.

ஒலிக்கசிவு என்றால் என்ன?

ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு மைக் வைத்தாலும், உருமிக்கு வைத்த மைக்கில் பக்கத்துத் தப்பும் விழும். தப்பு மைக்கில் ஜால்ராவும் விழும். இதைத்தான் ஒலிப்பதிவாளர்கள் 'ப்ளீட்' என்கிறார்கள். ஒலி ஒரு மீட்டர் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லி விநாடி ஆகும். ஒரே அடி இரண்டு மைக்குகளில் வெவ்வேறு நேரத்தில் பதிவாகி, பிறகு ஒன்றாகச் சேரும்போது, சில அலைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். ஓசை மெலிந்து, கலங்கிப் போவது இதனால்தான்.

'கேட்' எப்படி வேலை செய்கிறது?

பெயருக்கேற்ப இது ஒரு கதவு. மைக்கில் வரும் ஒலி குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கதவு திறக்கும். அதற்குக் கீழே இறங்கினால் மூடிக்கொள்ளும். அந்த அளவுக்கு 'திரெஷோல்ட்' என்று பெயர். எடுத்துக்காட்டாக, தப்பு மைக்கில் தப்பின் அடி -6 டெசிபலிலும், பக்கத்து வாத்தியத்தின் கசிவு -24 டெசிபலிலும் பதிவானால், திரெஷோல்டை -18 அளவில் வைக்கலாம். அடிக்கு மட்டும் கதவு திறக்கும், கசிவுக்குத் திறக்காது.

கதவு திறக்கும் வேகம் 'அட்டாக்'. தப்புக்கு இது ஒரு மில்லி விநாடி அல்லது அதற்கும் குறைவாக இருக்க வேண்டும். தாமதித்தால் குச்சி தோலில் படும் அந்த முதல் ஓசை வெட்டுப்பட்டு, அடி மழுங்கிவிடும். திறந்த கதவு சற்று நேரம் அப்படியே நிற்பது 'ஹோல்டு'. மெல்ல மூடும் நேரம் 'ரிலீஸ்'. தப்புக்கு 100 மில்லி விநாடி ரிலீஸில் தொடங்கிப் பார்க்கலாம். தோலின் அதிர்வு அடங்கும் வரை கதவு மூடக்கூடாது.

கதவு மூடும்போது ஒலியை எவ்வளவு குறைப்பது என்பது 'ரேஞ்ச்'. இதை முழுமையாக மூடினால், ஒவ்வோர் அடிக்கும் ஜால்ராச் சத்தம் திடீரென எழுந்து திடீரென மறையும். 10 டெசிபல் அளவுக்குக் குறைத்தாலே பெரும்பாலும் போதும்.

இந்தக் கருவி உலகப் புகழ் பெற்றதும் மேளத்தால்தான். லண்டன் டவுன்ஹவுஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் பீட்டர் கேப்ரியலின் 1980ஆம் ஆண்டு இசைத்தட்டுக்காக பில் காலின்ஸ் டிரம்ஸ் வாசித்தபோது, ஒலிப்பதிவாளர் ஹியூ பேட்ஜம் எதிரொலியை கேட் மூலம் சட்டென வெட்டினார். 1981இல் காலின்ஸின் 'இன் தி ஏர் டுநைட்' அந்த ஓசையை உலகெங்கும் கொண்டு சென்றது.

உருமிக்கு ஏன் ஒத்துவராது?

கூடங்களில் உள்ள கேட் அளவுகள் பெரும்பாலும் மேற்கத்திய டிரம்ஸுக்கு அமைந்தவை. டிரம்ஸில் ஒலி அடித்தவுடன் உச்சத்துக்குப் போய், பிறகு அடங்கும். உருமியின் ஒரு முகம் மட்டும்தான் அப்படி அடிக்கப்படுகிறது. மறுமுகத்தில் வளைந்த குச்சியைத் தேய்க்கும்போது உறுமல் மெல்ல எழுந்து, ஏறி, இறங்குகிறது. அது திரெஷோல்டை எட்டுவதற்குள் பாதி உறுமல் கடந்துவிடும். இறங்கும்போது மீதியும் வெட்டுப்படும். உருமிக்குப் பெயர் தந்த ஓசையையே கருவி இரைச்சல் என்று எண்ணி நீக்கிவிடுகிறது.

எனவே தேய்க்கும் முகத்துக்குத் தனி மைக் வைத்து, அதில் கேட் போடாமல் விடுவதே நல்லது. அடிக்கும் முகம், தப்பு, பம்பை ஆகியவற்றுக்கு மட்டும் பயன்படுத்தலாம். பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் மிருதங்கம், தபேலா பயிலும் மாணவர்களுக்கும் இது பொருந்தும். விரல் நுனியால் எழுப்பும் மெல்லிய சொற்கள் கேட்டில் முதலில் பலியாகும்.

மைக்கை வைக்கும் இடமே முதல் மருந்து

கேட்டை நம்புவதற்கு முன் மைக்கைச் சரியாக வைக்க வேண்டும். சொந்த வாத்தியத்துக்கு 10 சென்டிமீட்டர் தூரத்திலும், அதே சத்தமுள்ள பக்கத்து வாத்தியத்துக்கு 1 மீட்டர் தூரத்திலும் மைக் இருந்தால், திறந்தவெளியில் கசிவு 20 டெசிபல் குறைவாக இருக்கும். சிறிய அறையில் சுவர் எதிரொலியால் இந்த வேறுபாடு குறையும். சுவரில் தடித்த துணி தொங்கவிட்டால் சற்று உதவும். கார்டியாய்டு வகை மைக்கின் பின்புறத்தைச் சத்தமான வாத்தியத்தின் பக்கம் திருப்பி வைக்கலாம். குழுவின் முன்னால் உயரத்தில் இரண்டு மைக்குகளை கேட் இல்லாமல் வைத்தால், எல்லாரும் சேர்ந்து வாசிக்கும் உணர்வு பதிவில் தங்கும்.

ரீப்பர், ஆடாசிட்டி போன்ற மென்பொருள்களிலேயே கேட் இருப்பதால், வீட்டுக் கணினியிலும் இதைப் பழகிப் பார்க்கலாம்.

கூடத்துக்குச் செல்லும் குழுத் தலைவர்கள் பணம் கட்டும் முன்பே இரண்டைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மைக்கும் தனித்தனித் தடத்தில் பதிவாக வேண்டும். பதிவின்போது கேட் போடாமல், பிறகு கலவை செய்யும்போது மட்டுமே பயன்படுத்த வேண்டும். கலவையில் தவறினால் மறுபடியும் செய்துகொள்ளலாம். பதிவிலேயே வெட்டுப்பட்ட உறுமலை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. தோட்டத்தில் வாசித்துப் பழகிய மூத்த கலைஞர் ஒருவர் குழுவில் இருந்தால், அவருடைய வாசிப்பையாவது இப்படி முழுமையாகப் பதிந்து வைப்பது அவசியம்.