சோழவரமும் புளியரை வளைவும்

இங்கிலாந்தின் தென்கரைக்கு அருகில் குட்வுட் என்றோர் இடம். ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தில் மூன்று நாட்கள் அங்கே காலம் பின்னோக்கிப் போய்விடுகின்றது. வேடிக்கை பார்க்க வருபவர்கள்கூட 1940, 1950-களின் உடுப்புகளை அணிந்து வருகிறார்கள். தடத்தில் ஓடுபவை அக்காலத்துப் பந்தயக் கார்களும் மோட்டார் சைக்கிள்களுமே. இரண்டாம் உலகப்போரின்போது அது பிரிட்டிஷ் விமானப்படையின் தளமாக இருந்தது. போர் முடிந்தபின், தளத்தைச் சுற்றிச் சென்ற சாலையே 1948-இல் பந்தயத் தடமாயிற்று. கார்களின் வேகம் தடத்தின் பாதுகாப்பை மிஞ்சிவிடவே, 1966-இல் பந்தயங்கள் நின்றன. 1998-இல் அதே பழைய கோலத்தில் விழாவாக மறுபிறவி எடுத்தன.

சீமைக்காரர் பொழுதுபோக்கு என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். அங்கும் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் பந்தயங்களை நடத்தியது. 1980-களின் பிற்பகுதி வரை, பிப்ரவரி மாத வார இறுதி என்றால் மோட்டார் பித்தர்களுக்குச் சோழவரம்தான். அந்நாளில் வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்வது எளிதன்று. ஆகவே வீட்டு வாசலில் நின்ற 1089 சி.சி. பியட், 948 சி.சி. ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்றவற்றையே பட்டறையில் பிரித்து மேய்ந்து பந்தயத்துக்குத் தயார் செய்தார்கள். அவற்றுக்கிடையே அத்திபூத்தாற்போல வெளிநாட்டுப் பந்தயக் கார்களும் தலைகாட்டின. 1980-களின் தொடக்கத்தில் தொழிலதிபர் விஜய் மல்லையா ‘என்சைன்’ என்ற பார்முலா ஒன் காரை ஓட்டியது இங்கேதான். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தனித் தடம் திறக்கப்பட்டது.

பழைய பந்தயக் களத்தில் கண்ணுக்கு முன் மூக்குக்குத்தான் வேலை. புகையில் இனிப்புக் கலந்த ஒரு வாடை வரும். அது வேறொன்றுமன்று, நம் ஆமணக்கு எண்ணெய்! ‘காஸ்ட்ரால்’ என்ற பெயரே ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்ததுதான். இந்த எண்ணெயில் பெரும்பகுதியாக உள்ள ரிசினோலெயிக் அமிலத்தின் மூலக்கூறில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி இருக்கிறது. அதன் உதவியால் எண்ணெய் உலோகப் பரப்பை இறுகப் பற்றிக்கொள்கின்றது. கடும் வெப்பத்திலும் எளிதில் விலகுவதில்லை. குறையும் உண்டு. நாளடைவில் பிசின்போல் இறுகி எஞ்சினுக்குள் ஒட்டிக்கொள்ளும். ஆதலால் பந்தயம் முடிந்ததும் வடித்துவிட வேண்டும். அன்றாட வண்டிகளுக்கு இது சரிப்படாது.

இனி வளைவுக்கு வருவோம். பழைய பந்தயப் படங்களைக் கண்டால் ஒன்று புலப்படும். கார்கள் வளைவில் திரும்பும்போது நான்கு சக்கரங்களும் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே செல்லும். ஓட்டுநர் வளைவுக்கு எதிர்ப்புறமாகக்கூட ஸ்டியரிங்கைத் திருப்பியிருப்பார். ஏன் இப்படி?

வளைவில் செல்லும் எந்தப் பொருளையும் வட்டத்தின் மையம் நோக்கி ஏதேனும் ஒரு விசை இழுத்துக்கொண்டே இருக்கவேண்டும். காரைப் பொறுத்தவரை அந்த விசையைத் தருவது டயருக்கும் தரைக்கும் இடையிலுள்ள உராய்வு ஒன்றே. தேவைப்படும் விசையோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்றவாறு பெருகும்: வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்கு. அக்காலத்து டயர்கள் குறுகலானவை. உள்ளே நூலிழைகள் குறுக்கும் மறுக்குமாக அமைந்தவை. அவை தரையைப் பற்றும் வலிமை குறைவு. ஆனால் பிடியைச் சட்டென்று விடாமல் சிறிது சிறிதாக விடும். அந்த இடைவெளியில்தான் திறமைசாலிகள் வித்தை காட்டினார்கள். அப்படியும் தவறினால், விமானத்தளத்தில் சுற்றிலும் வெட்டவெளி. கார் சுழன்று தானே நிற்க இடமுண்டு.

தென்காசிப் பக்கத்து வாசகர்களுக்கு அந்த வசதி இல்லை. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக்கு ஏறும் சாலையில் புளியரை ‘எஸ்’ வளைவை அறிவீர்கள். ஒரு கணக்குப் போடுவோம். 40 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவு. தளம் சமதளம் என்று கொள்வோம். உலர்ந்த சாலையில் உராய்வுக் குணகம் 0.7 என்றால், வழுக்காமல் செல்லக்கூடிய உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஈரத்தில் குணகம் 0.4-ஆகக் குறைந்தால் அது 45 கிலோமீட்டர்தான். இக்கணக்கில் வண்டியின் எடை எங்கும் வருவதில்லை என்பதைக் கவனியுங்கள். எடை கூடினால் உராய்வும் கூடுகிறது, தேவைப்படும் விசையும் அதே அளவு கூடுகிறது. ‘என் வண்டி கனமானது, வழுக்காது’ என்று சொல்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

குற்றாலத்துச் சாரலில் இன்னொரு சூழ்ச்சியும் இருக்கிறது. கொட்டும் மழை சாலையைக் கழுவிவிடும். சாரல் அப்படியன்று. சாலையில் ஏற்கெனவே படிந்துள்ள எண்ணெய்த் துளிகளையும் தூசியையும் குழைத்து வழவழப்பான ஒரு பூச்சாக்கிவிடும். ஆகவே நீண்ட வெயிலுக்குப்பின் விழும் முதல் தூறல்தான் அடைமழையைவிட ஆபத்தானது. பருவகாலத்தின் தொடக்கத்தில், அருவியில் தண்ணீர் விழுகிறது என்ற செய்தி கேட்டு நாலாபுறமிருந்தும் மோட்டார் சைக்கிளில் பறந்து வருகிறோமே, அப்போது சாலை இருப்பது பெரும்பாலும் இந்த நிலையில்தான்.

பிரேக்கின் கதை இன்னும் சுவையானது. பிரேக் வேகத்தை அழிப்பதில்லை. இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றுகிறது, அவ்வளவே. 1000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்றால் 4,50,000 ஜூல் வெப்பம் பிறக்கும். ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். பழைய கார்களில் இவ்வளவு வெப்பமும் மூடிய டிரம்முக்குள் சிக்கிக்கொள்ளும். சூடேறிய டிரம் விரிந்து, உள்ளே அழுத்தும் கட்டைகளைவிட்டு விலகும்; கட்டையின் மேல்பூச்சும் உராய்வை இழக்கும். மிதி ஆழமாகப் போகும், வண்டி நிற்காது. திறந்த வெளியில் சுழலும் தட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்குகளுடன் ஜாகுவார் கார் 1953-இல் லெ மான் பந்தயத்தை வென்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

மலையிறக்கத்தில் வேகமே வேண்டாம். உயரம் ஒன்றே போதும். 25 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது விடுபடும் ஆற்றல் 80 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கும். ‘ஏறின கியரிலேயே இறங்கு’ என்று அனுபவமுள்ள ஓட்டுநர்கள் சொல்வதன் பொருள் இதுதான்: அச்சுமையில் ஒரு பங்கை எஞ்சின் ஏற்றுக்கொள்ளட்டும், முழுவதையும் பிரேக்கின் தலையில் போடாதே. பந்தயக் கார்கள் டிரம்மைக் கைவிட்டு வெகுகாலமாகிறது. நம் மலைச்சாலைகளில் இறங்கும் சரக்கு லாரிகள் பெரும்பாலானவற்றில் இன்றும் இருப்பவை டிரம் பிரேக்குகளே.