கோழி தூங்குதா? உஷார்!

வகுப்பில் கண் சொக்கினால், "என்ன, சீக்குக் கோழி மாதிரி தூங்கி விழற?" என்று டீச்சர் அதட்டுவார் இல்லையா? நாமும் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து விடுவோம். ஆனால், நிஜமாகவே ஒரு கோழி பட்டப்பகலில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி, மூலையில் ஒடுங்கி நின்றால் அது சிரிக்கும் விஷயமல்ல குட்டீஸ்!

தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணிக் கரையில் இருக்கிறது ஆதிச்சநல்லூர். அங்கே 1899-ல் தொடங்கி அலெக்சாண்டர் ரீ என்ற ஆய்வாளர் அகழாய்வு செய்தார். முதுமக்கள் தாழிகளும், இரும்புக் கருவிகளும், வெண்கலப் பொருட்களும் கிடைத்தன. அந்த வெண்கல வேலைப்பாட்டில் எருமை, ஆடு இவற்றோடு சேவல் உருவமும் இருக்கிறது. பார்த்தீர்களா, கோழிக்கும் நமக்கும் எத்தனை காலத்து உறவு! அந்தப் பழைய தோழனுக்கு உடம்பு சரியில்லை என்றால் சும்மா இருக்கலாமா?

நோயை மறைக்கும் கோழி

பருந்து, கீரி, நாய் என்று கோழிக்கு எதிரிகள் அதிகம். சோர்ந்து நின்றால் முதலில் பிடிபடுவது அதுதான். அதனால் உடம்பு முடியாவிட்டாலும், முடிந்தவரை நன்றாக இருப்பது போலவே நடமாடும். நம் கண்ணுக்கே தெரிகிற அளவுக்குத் துவண்டுவிட்டது என்றால், நோய் முற்றிவிட்டது என்று பொருள். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று விட்டால், நாளைக்குக் கோழி இருக்காது.

உடனே செய்ய வேண்டியவை

இதையெல்லாம் வீட்டுப் பெரியவர்களோடு சேர்ந்துதான் செய்ய வேண்டும். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

* சோர்ந்த கோழியைத் தனியாகப் பிரித்து, காற்றோட்டமான நிழலில் ஒரு பஞ்சாரத்தில் விடுங்கள். அதற்குத் தனித் தண்ணீர்க் கிண்ணம், தனித் தீனித் தட்டு வையுங்கள். மற்ற கோழிகளைக் கவனித்த பிறகே இதனிடம் வர வேண்டும்.

* இரவில் குளிர்காற்று படாமல் சாக்கைப் போட்டு மறையுங்கள். காற்று போக இடைவெளி இருக்கட்டும்.

* தண்ணீர்தான் முதல் மருந்து. ஒரு டம்ளர் தண்ணீரில் சிறு துண்டு உடன்குடிக் கருப்பட்டியைக் கரைத்து வைக்கலாம். குடிக்காவிட்டால், அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக விடுங்கள். வாயைப் பிளந்து ஊற்றக் கூடாது! கோழியின் மூச்சுக்குழல் வாசல் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும்.

* எச்சம் என்ன நிறம், மூச்சு எப்படி விடுகிறது, கழுத்தும் காலும் எப்படி இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். டாக்டருக்கு அது பெரிய உதவி.

* கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். 1962 என்ற இலவச எண்ணிலும் உதவி கேட்கலாம்.

பாட்டி சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம், கீழாநெல்லி எல்லாம் அரைத்து உருட்டிக் கொடுப்பார். கொடுத்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆனால், வீட்டிலுள்ள காய்ச்சல் மாத்திரையை உடைத்துப் போடுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்!

பொல்லாத வெள்ளைக் கழிச்சல்

எச்சம் வெள்ளையும் பச்சையுமாகப் போகிறதா? வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா? கழுத்து திருகிக்கொள்கிறதா? கால், இறக்கை இழுத்துக்கொள்கிறதா? அப்படியானால் அது வெள்ளைக் கழிச்சலாக இருக்கலாம். இதற்கு 'ராணிக்கெட் நோய்' என்றும் பெயர். 1926-ல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் கண்டறியப்பட்ட இந்த நோய், அடுத்த ஆண்டே இமயமலைப் பகுதியிலுள்ள ராணிக்கெட்டில் தென்பட்டது. அதனால்தான் நம் நாட்டில் இந்தப் பெயர்.

இது வைரஸ் நோய். வந்த பிறகு குணப்படுத்த மருந்து கிடையாது. நம் கவனிப்பால் தெம்பு கொடுக்கலாம், அவ்வளவுதான். ஒரு கோழிக்கு வந்தால் தெருவே காலியாகிவிடும்.

கோழி கொடுத்த பாடம்

அப்படியென்றால் வழியே இல்லையா? இருக்கிறது! 1879-ல் பிரான்சு நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர், கோழிகளைக் கொல்லும் கோழிக் காலரா நோயை ஆராய்ந்தார். நாள்பட்டு வீரியம் குறைந்த கிருமிகளைக் கோழிகளுக்குச் செலுத்தினார். அவை லேசாகச் சோர்ந்து, தேறிவிட்டன. பிறகு வீரியமான கிருமியைச் செலுத்தியபோதும் சாகவில்லை! ஆய்வுக்கூடத்தில் கிருமியின் வீரியத்தைக் குறைத்துத் தடுப்பூசி செய்யும் வழி, கோழிகளிடமிருந்துதான் பிறந்தது.

ராணிக்கெட் நோய்க்கும் தடுப்பு மருந்து உண்டு. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு விடுவார்கள். எட்டாவது வாரத்தில் இறக்கைக்கு அடியில் ஊசி. கால்நடை பராமரிப்புத் துறை இதற்காக ஊர் ஊராக முகாம் நடத்துகிறது. ஆனால், நலமாக இருக்கும் கோழிக்குப் போட்டால்தான் பலன் தரும். நோய் வந்த பின் ஓடிப் பயனில்லை. சந்தையில் வாங்கிய புதுக் கோழியையும் இரண்டு, மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே கூட்டத்தில் விட வேண்டும்.

மறக்கக் கூடாதவை

நோயுற்ற கோழியைச் சமைக்கக் கூடாது, விற்கவும் கூடாது. இறந்துவிட்டால் ஆற்றிலோ குளத்திலோ வீசாமல், பெரியவர்கள் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். திடீரென்று பல கோழிகள் இறந்தால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். தொடவே தொடாதீர்கள். உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள்.

நீங்கள் எவ்வளவு பார்த்துக்கொண்டாலும், சில சமயம் உங்கள் செல்லக் கோழி பிழைக்காமல் போகலாம். அழுகை வரும், அழுங்கள், தப்பில்லை. ஆனால், முதல் நாளே அதைப் பிரித்து வைத்தீர்களே, அதனால் கூட்டிலுள்ள மற்ற கோழிகள் தப்பிப் பிழைக்கலாம். அதுவும் வைத்தியம்தான்!

இன்று சாயங்காலம் கோழி அடையும்போது ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். எல்லாம் சுறுசுறுப்பாக இருக்கின்றனவா? சந்தோஷம்! தடுப்பூசி எப்போது என்று நாளைக்கே அப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள். சரியா குட்டீஸ்?