கண்ணைக் கசக்கும் பிள்ளைகள்

பங்குனி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் மதுரையின் கண் மருத்துவமனைகளுக்கு ஒரு வகைப் பிள்ளைகள் வரத் தொடங்குவார்கள். கை கண்ணை விட்டு இறங்காது. புறங்கையாலும் விரல் மூட்டாலும் தேய்த்துத் தேய்த்து இமை தடித்திருக்கும். வெளிச்சத்தில் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். வெள்ளை விழி கலங்கிப் பழுப்பேறியிருக்கும். "சூட்டுக் கண்ணு, இளநி குடிச்சாச் சரியாயிரும்" என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். "மெட்ராஸ் ஐ" என்று பள்ளியில் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

இரண்டும் இல்லை. இது கண்ணில் வரும் அலர்ஜி. இதில் கடுமையான வகையை மருத்துவர்கள் 'வி.கே.சி.' என்கிறார்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு மேல் தொடங்கும். பையன்களுக்கு அதிகம் வரும். குளிர்நாடுகளில் சில மாதங்கள் தலைகாட்டிவிட்டுப் போகும் நோய், மதுரை போன்ற காய்ந்த ஊர்களில் ஆண்டு முழுக்க இருந்து கோடையில் உச்சம் தொடும். பலருக்கு வயதுக்கு வரும் பருவத்தில் தானாக அடங்கிவிடும். அதுவரை கண்ணைக் காப்பாற்றி வைப்பதுதான் பெரிய வேலை.

மெட்ராஸ் ஐ இல்லை என்று எப்படித் தெரியும்?

மெட்ராஸ் ஐ திடீரென்று வரும், வீட்டில் எல்லோரையும் பிடிக்கும், இரண்டு வாரத்துக்குள் போய்விடும். அலர்ஜி யாருக்கும் தொற்றாது. அரிப்புதான் அதன் முதல் அறிகுறி. பீளை வெள்ளையாக, இழுத்தால் நூலாக நீளும். மேல் இமையைப் புரட்டிப் பார்த்தால் கூழாங்கல் பாவியது போல முண்டு முண்டாக இருக்கலாம். நம் பிள்ளைகளில் பலருக்குக் கருவிழியைச் சுற்றியுள்ள ஓரம் தடித்து, அதில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். இப்படிப்பட்ட பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருக்கத் தேவையில்லை.

கண்மாய்த் தூசியும் கருவேலம் பூவும்

கோடை விடுமுறையில் வற்றிய கண்மாய்தான் கிரிக்கெட் மைதானம். அதைச் சுற்றி நிற்பது சீமைக் கருவேலம். நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்ற வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தென்மாவட்டங்களில் அதை அகற்றச் சொன்னது பலருக்கு நினைவிருக்கும். அதன் மகரந்தம் அலர்ஜி தரக்கூடியது என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. பார்த்தீனியமும் அப்படித்தான். வீட்டுக்குள் வந்தால் பழைய இலவம்பஞ்சுத் தலையணையிலும் மெத்தையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள்.

ஆனால் "எதனால் வருகிறது, டெஸ்ட் எடுத்துக் கண்டுபிடியுங்கள்" என்று அலைவதில் பெரிய பயன் இல்லை. வி.கே.சி. உள்ள பிள்ளைகளில் கணிசமானவர்களுக்குத் தோல் பரிசோதனையில் எதுவும் தெரிவதில்லை. வெயில், சூடான காற்று, புழுதி ஆகியவையே அரிப்பைக் கிளப்பப் போதும்.

கடையில் வாங்கும் சொட்டு மருந்து

உண்மையான ஆபத்து இங்கேதான். கண் சிவந்தது என்று மருந்துக் கடையில் சொன்னதும் எடுத்து நீட்டப்படும் சொட்டு மருந்துகளில் பலவற்றில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கும். போட்ட மறுநாளே அரிப்பு நிற்கும், சிவப்பு மறையும். வீட்டில் நிம்மதி. நிறுத்தினால் மறுபடி வரும். மறுபடி அதே மருந்து. சீட்டும் வேண்டாம், காலி சீசாவைக் காட்டினால் போதும் என்று ஆகிவிடுகிறது. இப்படியே இரண்டு மூன்று கோடை போய்விடும்.

அதற்குள் சில பிள்ளைகளுக்குக் கண்ணின் உள் அழுத்தம் ஏறிவிடும். அதில் வலி இருக்காது. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கும். அதைச் சொல்லப் பிள்ளைக்குத் தெரியாது. கரும்பலகை தெரியவில்லை என்று சொல்லும் நாளில் பார்வை நரம்பு வெகுவாக அழிந்திருக்கலாம். கிளாக்கோமா எனும் இந்த நோயில் இழந்த பார்வை திரும்புவதில்லை. கண்புரையும் வரலாம், அதையாவது அறுவை செய்து சரிசெய்யலாம்.

இன்னொரு ஆபத்து, நம் பக்கத்தில் அதிகம் காணப்படுவது. மதுரை மாவட்டத்தில் 1993-இல் லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்க மாவட்டம் ஒன்றின் கணக்கைப் போல இது ஏறக்குறைய பத்து மடங்கு. அடுத்த ஆண்டு அரவிந்த் கண் மருத்துவமனையில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 நோயாளிகளைப் பார்த்தபோது, கிருமி கண்டறியப்பட்டவர்களில் பாதிக்கு நெருக்கமானவர்களுக்குப் பூஞ்சை இருந்தது. நெல் உமியோ முள்ளோ கீறிய கண்ணில் ஸ்டீராய்டை விட்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் என்று வீட்டில் விடுவதும் கண்ணுக்குள் கிருமியைக் கொண்டுபோகலாம் என்பதால் வேண்டாம்.

ஸ்டீராய்டே கூடாது என்பதில்லை. கருவிழி பாதிக்கப்படும் அளவுக்கு முற்றினால் மருத்துவரே எழுதித் தருவார். குறைந்த நாட்களுக்கு, கண் அழுத்தம் பார்த்துக்கொண்டே.

கசக்குவதால் வரும் கேடு

ஆண்டுக்கணக்கில் அழுத்தித் தேய்க்கும் கண்ணில் கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைக்கலாம். கெரட்டோகோனஸ் என்பது இதன் பெயர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணாடி பவர் மாறுகிறது, அதுவும் சிலிண்டர் பவர் ஏறுகிறது என்றால் சந்தேகப்பட வேண்டும். ஆரம்பத்தில் தெரிந்தால், சொட்டு மருந்தும் புற ஊதா ஒளியும் கொண்டு கருவிழியை இறுக்கும் சிகிச்சை மேலும் மோசமாகாமல் நிறுத்தும். "கசக்காதே" என்று அதட்டுவதால் ஒன்றும் ஆகாது; அரிப்பை அடக்கினால்தான் கை இறங்கும்.

வீட்டில் செய்யக்கூடியது

குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியைக் கண்மேல் வைத்தால் அரிப்பு உடனே தணியும். வெளியே போனால் தொப்பியும் கூலிங் கிளாஸும்; பள்ளியில் கிண்டல் செய்தாலும் பரவாயில்லை. விளையாடி வந்ததும் முகம் கழுவ வேண்டும். தலையணை உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைக்கலாம். செயற்கைக் கண்ணீர், ஓலோபட்டடின் போன்ற அலர்ஜிச் சொட்டுகளை மருத்துவர் சொன்ன காலம் முழுக்க விட வேண்டும். இவற்றின் முழுப் பயன் மெதுவாகத்தான் தெரியும். நாலே நாளில் "வேலை செய்யலை" என்று விட்டுவிடுவதால்தான் பலர் மறுபடி கடைக்குப் போகிறார்கள். இவற்றுக்கு அடங்காத கண்ணுக்கு சைக்ளோஸ்போரின் சொட்டும் டாக்ரோலிமஸ் களிம்பும் உண்டு.

பிள்ளைக்கு இளைப்போ தும்மலோ தோல் அரிப்போ சேர்ந்திருந்தால் குழந்தை மருத்துவரையும் பார்க்க வேண்டும். எதையாவது சாப்பிட்டதும் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சுத் திணறினால் அது வேறு கதை. ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்துக்கு இன்று சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலும் விஷன் சென்டர்கள் உள்ளன; அங்கிருந்தே வீடியோவில் மருத்துவரைப் பார்க்கலாம். எங்கே போனாலும் இதுவரை விட்ட சொட்டு மருந்துச் சீசாக்களைக் கையோடு கொண்டுபோக வேண்டும், காலியானவை உட்பட. பெயர் மறந்துவிட்டது, வெள்ளை மூடி போட்ட மருந்து என்று சொன்னால் அதில் ஸ்டீராய்டு இருந்ததா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.