கருணையும் கொலையும்

கருணைக்கொலை என்னும் தொடர், 'யூதனேசியா' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு ஈடாகத் தமிழில் வழங்குவது. அக்கிரேக்கச் சொல்லின் பொருள் 'நற்சாவு' என்பதாம். சாகும் உயிரின் நன்மையே அதன் கருத்து. ஆயின், விலங்குக் காப்பகங்களில் இச்சொல் வழங்கும் முறையை நோக்கின், அக்கருத்துத் திரிந்திருத்தல் புலனாகும்.

தீரா நோயால் துடிக்கும் நாய்க்குக் கால்நடை மருத்துவர் பார்பிட்டுரேட் வகை மருந்தை நரம்பில் மிகையாகச் செலுத்துகிறார். நொடிகளில் நினைவு நீங்கி, வலியின்றி உயிர் பிரிகிறது. இது நற்சாவு. கூண்டில் இடமில்லை என்பதற்காக நலமுள்ள நாயைக் கொல்வதும் அதே பெயரால் வழங்குகிறது. முன்னதில் நன்மை நாய்க்கு. பின்னதில் நன்மை கூண்டுக்கு. இரண்டையும் ஒரு பெயரால் அழைத்தல் பொருந்தாது.

ஜொகூர் நீரிணையை அடுத்துத் துறைமுகமும் ஆலைகளும் நிறைந்த பாசிர் கூடாங், 2020 நவம்பர் 22இல் மாநகரானது. இத்தகைய தொழில் நகரங்களுக்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. மலேசியாவில் நாய்களுக்கு உரிமம் அளித்தலும், அலையும் நாய்களைப் பிடித்தலும் ஊராட்சி மன்றங்களின் பணிகள். 2015இல் இயற்றப்பட்ட விலங்கு நலச் சட்டம், விலங்குகளைக் கொடுமை செய்வோர்க்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை தண்டமோ, 3 ஆண்டுக்கு மேற்படாத சிறையோ, இரண்டுமோ விதிக்கிறது. ஆனால், கொடுமையைத் தண்டித்தல் வேறு. பிடிபட்ட நாய் பிழைக்க வழி செய்தல் வேறு.

கொன்றால் நாய்கள் குறையும் என்பார்க்குச் சென்னையின் வரலாறு விடை கூறும். அங்கு 1860இல் தொடங்கிய நாய்க்கொலை, 1995 அளவில் நாளொன்றுக்கு 135 வரை உயர்ந்ததென்று 1959இல் தோன்றிய புளூ கிராஸ் அமைப்பினர் கணக்குக் காட்டுகின்றனர். நூறாண்டுக்கு மேல் கொன்றும் நாய்கள் ஒழிந்தில. காரணம் எளிது: தெருவில் உணவு உள்ளவரை, ஒழிந்த இடத்திற்கு வேறு நாய்கள் வரும், எஞ்சியவற்றின் குட்டிகளும் மிகுதியாகப் பிழைக்கும். 1996இல் மாநகராட்சி அம்முறையைக் கைவிட்டு, கருத்தடையையும் வெறிநோய்த் தடுப்பூசியையும் மேற்கொண்டது.

இனி, காப்பகம் செய்யத்தக்கன யாவை? பிடிபட்ட நாயை உரியவர் தேடிவரக் குறித்த நாள்கள் வைத்திருத்தல் வேண்டும். அதன் படத்தையும் குணத்தையும் மக்கள் அறியச் செய்தல் வேண்டும். கருத்தடையும் தடுப்பூசியும் முடித்தே தத்துக் கொடுத்தல் வேண்டும். 'தத்தம்' என்பது கொடுத்தல் என்று பொருள்படும். ஆகவே, கொள்வோரின் வீட்டையும் வசதியையும் ஆராய்ந்து கொடுப்பதும் அதில் அடங்கும். ஆராயாது கொடுத்த நாய் மீண்டும் தெருவுக்கே வரும்.

எல்லா நாய்களுக்கும் வீடு கிட்டாது என்பது உண்மையே. கிட்டாதவற்றுள் நலமுள்ளவற்றைக் கருத்தடை செய்து, தடுப்பூசியிட்டுப் பிடித்த இடத்திலேயே விடலாம். வெறிநோய் கண்டதையோ, மருந்தால் தீராத துன்பமுற்றதையோ, திருத்தவியலாது மக்களைக் கடிப்பதையோ மட்டுமே மருத்துவர் முடிவுக்கு விடுதல் தகும். அம்முடிவும் காரணத்தோடு ஏட்டில் எழுதப்படல் வேண்டும். அவ்வேடு பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருத்தல் வேண்டும்.

'இடமில்லை' என்னும் காரணத்தை அவ்வேட்டில் எழுத நேருமாயின், அதன் எதிரே 'கொலை' என்றே எழுதுக. 'கருணை' என்னும் அடை அங்கே வேண்டா.