இல்லறத்தாருக்கு ஒரு கைந்நூல்

வேளாண்மைக்கு நூல் உண்டு. தையலுக்குப் பயிற்சி வகுப்பு உண்டு. வண்டி ஓட்டுவதற்கு அநுமதிப் பத்திரம் உண்டு. ஆயின், மனித வாழ்விலே மிக நீண்ட பொறுப்பாகிய இல்லறத்துக்கு மட்டும் எம்மிடையே நூலுமில்லை, பயிற்சியுமில்லை. அட்டாளைச்சேனை தொடங்கிக் கல்முனை வரையுள்ள கரையோர ஊர்களிலே ஒரு பெண்ணுக்கு விவாகம் பேசத் தொடங்கினால், முதலில் வீடு எழும்புகின்றது. மணமகன் பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்கும் வழக்கம் இங்கே முஸ்லிம்களுக்கும் தமிழருக்கும் பொதுவானது. கட்டில் முதற் கரண்டி வரை யாவும் கணக்கெடுக்கப்படுகின்றன. அவ்வீட்டில் வாழப்போகும் இருவரும் தத்தம் உடலைப் பற்றியும் மற்றவர் மனத்தைப் பற்றியும் என்ன அறிவர் என்ற கணக்கை மாத்திரம் எவரும் எடுப்பதில்லை.

முன்னாளில் மூத்தம்மாவோ மருத்துவிச்சியோ பெண்ணை அருகழைத்து நாலு வார்த்தை சொல்வதுண்டு. அவற்றிலே பாதி அநுபவம், மறுபாதி அச்சம். ஆண்மகனுக்கோ அதுவும் இல்லை. இன்று அந்த இடத்தைக் கைத்தொலைபேசி பிடித்துக்கொண்டுள்ளது. அது காட்டும் படங்கள் வியாபாரத்துக்காக நடிக்கப்பட்டவை. அவற்றைப் பார்த்து இல்லறத்தைக் கற்க முனைவது, சினிமாச் சண்டையைப் பார்த்து வைத்தியம் கற்பது போன்றதே.

மௌனம் முன்னோர் சொத்தன்று

இவ்விடயத்தைப் பேசுவது மேல்நாட்டு நாகரிகம் என்பார் உளர். அது சரியன்று. திருக்குறளின் 1330 குறள்களில் 250 காமத்துப்பாலுக்கு உரியவை. வாத்ஸ்யாயனரின் காமசூத்திரத்தை அறியாதார் இலர். கொக்கோகம் என்னும் வடமொழி வழிவந்த நூல், தென்காசிப் பாண்டியராகிய அதிவீரராமர் பெயராலே தமிழில் வழங்குகின்றது. இஸ்லாமிய மரபிலும் இமாம் கஸ்ஸாலி அவர்கள் தமது இஹ்யா உலூமித்தீன் என்னும் பெருநூலிலே விவாக ஒழுக்கத்துக்கென ஒரு பகுதியை ஒதுக்கி, கணவன் மனைவியிடம் நடந்துகொள்ளும் முறையையும் கருத்தரியாதிருக்கச் செய்யும் உபாயத்தையும் ஒளிவுமறைவின்றி ஆராய்ந்துள்ளார். மார்க்கத்தை அறிய வந்த மதீனத்துப் பெண்களை நாணம் தடுக்கவில்லை என்பதை ஆயிஷா நாயகி அவர்கள் பாராட்டியதாக ஹதீஸ் நூல்கள் கூறும். ஆகவே, மௌனம் எமது பழைய சொத்தன்று. இடையிலே வந்து சேர்ந்தது.

வழிகாட்டிய மூவர்

தற்காலத்து நூல்களிலே முதலிடம் பெறுவது மேரி ஸ்டோப்ஸ் அம்மையார் 1918இல் இங்கிலாந்தில் வெளியிட்ட தாம்பத்திய நூலாகும். அம்மையார் தாவரவியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர்; மான்செஸ்டர் பல்கலைக்கழகத்திலே கற்பித்தவர். அத்துணைக் கல்வியிருந்தும், தமது முதல் விவாகம் நிறைவேறாத விவாகம் என்பதை நூல்களைத் தேடிப் படித்தே உணர்ந்தார். 1916இல் நீதிமன்றம் அவ்விவாகத்தை நீக்கியது. தாம் பட்ட துயரை மற்றவர் படலாகாது என்று எழுந்ததே அந்நூல். அமெரிக்காவில் 1931 வரை அதற்குத் தடையிருந்தது. 1926இல் ஒல்லாந்து நாட்டுப் பெண்ணோய் வைத்தியர் வான் டி வெல்டே என்பாரும் இவ்வகையில் ஒரு பெருநூல் செய்தார்.

இந்தியாவிலே இத்துறைக்காக இழப்பு அடைந்தவர் ஆர். டி. கார்வே. பம்பாய் வில்சன் கல்லூரியிற் கணிதம் கற்பித்த இவர், தம் கருத்துகளின் பொருட்டுப் பதவியை இழந்தார். எனினும் தளராது, 1927இலே சமாஜ் ஸ்வாஸ்த்ய என்னும் மராத்தி மாத இதழைத் தொடங்கி, 1953இல் மறையும் வரை நடத்தினார்.

அதே 1953ஆம் ஆண்டிலேதான் எம் நாட்டிற் குடும்பத் திட்டச் சங்கம் தோன்றியது. அதன் முன்னோடி வைத்தியர்களுள் டாக்டர் சிவா சின்னத்தம்பி அம்மையாரின் பெயர் மறக்கற்பாலதன்று. 1973இல் இச்சங்கம் 'ப்ரீத்தி' என்ற பெயரில் ஆணுறையைக் கடைகள்தோறும் விற்பனைக்கு விட்டது. மகிழ்ச்சி எனப் பொருள்படும் அச்சொல், சிங்களவருக்கும் தமிழருக்கும் ஒருங்கே விளங்குவது. வாயாற் கேட்கக் கூசிய பொருளை ஓர் இனிய பெயர் கேட்கச் செய்தது.

பிள்ளைகளுக்கு முன் பெற்றோர்

2019இல் ஏழாந் தரத்து மாணவருக்கென 'ஹதே அபே பொத' என்னும் சிங்களப் பாலியற் கல்விநூல் ஆக்கப்பட்டது. எதிர்ப்பு எழவே அதன் விநியோகம் நிறுத்தப்பட்டது. அந்நூலின் நிறைகுறைகளை இங்கே ஆராயப் புகவில்லை. நாம் கேட்பது ஒன்றே: பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எது தகும் என்று தீர்ப்பளிக்கும் பெற்றோர், தாம் எங்கே கற்றனர்? வளர்ந்தோர் கையில் முதலில் ஒரு நூல் இருத்தல் வேண்டும். பிள்ளைக்கு உரியதைப் பின்னர் அவர்களே தெளிவோடு தீர்மானிப்பர்.

நூலில் அடங்கவேண்டியவை

முதலாவது, அச்சம் நீக்கல். உறக்கத்தில் விந்து வெளிப்படுவது நோயன்று. 'தாது நட்டம்' என்று வருந்தும் இளைஞரின் துன்பத்துக்கு இந்திய மனநோய் வைத்தியர் என். என். விக் 1960இலேயே பெயரிட்டு விளக்கினார். உடல் அங்கே நலமாயுள்ளது; துன்புறுவது மனமே. அந்தத் துன்பத்தை வைத்துப் பணம் பறிக்கும் மருந்து விளம்பரங்கள் இன்றும் ஓயவில்லை. அவ்வாறே, முதற் கூட்டத்திற் குருதி காணாமை கற்பின்மைக்குச் சான்றன்று. அதனால் ஒரு பெண்ணின் வாழ்வு குலைவதாயின், அஃது அறியாமை செய்த கொலையாகும்.

இரண்டாவது, கருத்தரித்தல். பெண்ணின் முட்டை வெளிவந்தபின் ஏறத்தாழ ஒரு நாளே உயிரோடிருக்கும். விந்தணு ஐந்து நாள் வரை இருக்கக்கூடும். அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாட்களுக்கு முன் முட்டை வெளிவருகின்றது. பிறப்பது ஆணா பெண்ணா என்பதை நிச்சயிப்பது தந்தையின் அணுவே. இது தெரிந்திருந்தால், பெண்பிள்ளைகளையே பெற்றாள் என்று தாயை நோகும் நாவுகள் அடங்கும்.

மூன்றாவது, மகப்பேறின்மை. உலகில் ஆறு பேருக்கு ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது இக்குறையை அநுபவிப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. ஏறத்தாழப் பாதித் தம்பதியரில் ஆணிடத்துள்ள குறையும் பங்குகொள்கின்றது. இருந்தும் மனைவியை ஊர் ஊராக வைத்தியரிடம் அழைத்துச் செல்வோர், கணவனின் எளிய விந்துப் பரிசோதனையைக் கடைசிக்கு வைப்பது நாம் கண்டுவரும் வழக்கம். ஓராண்டு முயன்றும் பயன் காணாவிடின் இருவரும் ஒன்றாகவே செல்லல் வேண்டும்.

நான்காவது, உறவுமுறை விவாகம். மாமன் மகளை மணப்பது எமக்குள்ளும் உண்டு, முஸ்லிம் சகோதரருள்ளும் உண்டு. தலசீமியா என்னும் இரத்த நோயின் கூறு இருவரிடமும் இருந்தால், ஒவ்வொரு மகப்பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு நோய்வாய்ப்பு உண்டு. ஓர் இரத்தப் பரிசோதனை இதனை முன்னரே அறிவிக்கும்.

ஐந்தாவது, நடுவயது. நீரிழிவு நரம்பையும் இரத்தக் குழாயையும் தாக்கி ஆண்மையைக் குறைக்கும். சிலருக்கு அதுவே இருதய நோயின் முதல் அறிகுறி. நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடையே பெண்ணுக்கு மாதவிடாய் நிற்கும்போது உடலில் வெப்பமும் உறக்கமின்மையும் மனச்சோர்வும் தோன்றலாம். அதனைக் கோபம் என்று கொள்ளும் கணவன், அவளைத் தனிமையில் விட்டவனாவான்.

இவை யாவற்றுக்கும் மேலானது இசைவு. விவாகப் பதிவு ஒரு முறை நடப்பது. மனைவியின் சம்மதமோ ஒவ்வொரு நாளும் கேட்கப்படவேண்டியது. மத்திய கிழக்கிலே ஈராண்டு உழைத்து மீள்பவன், பழகிய மனைவியிடத்தும் புதியவனாகவே வருகின்றான். அவர்களுக்கு வேண்டுவது பொறுமையும் பேச்சும். அதனை அழகாக எடுத்துரைக்கும் ஒரு பக்கம் அந்நூலிலே இருக்கட்டும்.

செய்வார் யார்?

நூலை வீடு சேர்க்கும் வழி ஏற்கெனவே உள்ளது. குடும்ப சுகாதார உத்தியோகத்தர் புதுமணத் தம்பதியரைப் பதிந்து, போலிக்கமிலம் முதலியவற்றை உரிய காலத்தே வழங்கி வருகின்றார். தாயிலிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடென 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. அப்பெருமையில் ஒரு பங்கு கிராமந்தோறும் நடந்து திரியும் இப்பெண்களுக்கே உரியது. அவர்தம் பையிலே நூறு பக்க நூலொன்றையும் வைக்கலாம்.

எழுதுவதற்கும் ஆள் உண்டு. அட்டாளைச்சேனையிலே தேசிய கல்விக் கல்லூரி உள்ளது. அண்மையில் ஒலுவிலிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உள்ளது. வைத்தியர் உண்மையை நோக்கட்டும். மௌலவிமாரும் சைவப் பெரியாரும் கண்ணியத்தை நோக்கட்டும். ஆசிரியர் தமிழைச் செம்மை செய்யட்டும். பெண்கள் அக்குழுவிற் பாதியேனும் இருத்தல் அவசியம். வீடு கட்டிக் கொடுக்கும் பெற்றோர், அவ்வீட்டின் அலுமாரியிலே அந்த நூலையும் வைத்துக் கொடுப்பாராயின், அதுவே சீதனங்களுள் விலை குறைந்ததும் பயன் மிகுந்ததுமாகும்.