சங்கப் பாடல்களில் குழந்தையும் உணவும்: நிறைகலமும் வெறுங்கலமும்

ஆய்வுச் சுருக்கம்

குழந்தை உண்ணும் காட்சி சங்கப் பாடல்களில் இல்லற இன்பத்தின் அடையாளமாகக் கொள்ளப்படுவது வழக்கம். புறநானூற்றின் 188ஆம் பாடல் இதற்குத் தவறாது எடுத்துக்காட்டப்படுகிறது. ஆயின் அதே தொகுப்பில் உணவின்றி அழும் குழந்தையும் இடம்பெறுகிறது. இவ்விரு வகைப் பாடல்களும் தனித்தனியே, ஒன்று 'மக்கட்பேறு' என்ற தலைப்பிலும் மற்றொன்று 'புலவர் வறுமை' என்ற தலைப்பிலும் பேசப்பட்டு வந்துள்ளன. அச்சுறுத்தல், வேடிக்கை காட்டல், கலத்தைத் தேடல் ஆகிய சிறு செயல்கள் இருவகைப் பாடல்களிலும் அமைந்திருத்தலையும், உணவின் இருப்பும் இன்மையும் அவற்றின் பொருளை மாற்றுதலையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: குழந்தை, அடிசில், கூழ், செவிலி, புறநானூறு, நற்றிணை, பெருஞ்சித்திரனார்

முன்னுரை

சிறு குழந்தையுள்ள வீட்டில் ஒரு நாளின் பெரும்பொழுது உணவைச் சுற்றியே கழிகிறது. ஆக்குதல், ஆற்றுதல், ஊட்டுதல், சிந்தியதைத் துடைத்தல், மீண்டும் ஊட்டுதல் என்று நீளும் இவ்வேலை பெரிய நிகழ்ச்சி எதையும் தருவதில்லை. போரையும் கொடையையும் காதலையும் பாடிய சங்கப் புலவர்கள் இச்சிறு நிகழ்வுக்கும் இடம் தந்துள்ளனர் என்பது ஒருவகையில் வியப்புக்குரியது. குழந்தைப் பருவமும் பாடற்பொருள் ஆகும் என்பதற்குத் தொல்காப்பியப் புறத்திணையியலில் இடம் உண்டு. பிற்காலப் பிள்ளைத்தமிழ் அதிலிருந்தே வளர்ந்தது என்பர். எனினும் பிள்ளைத்தமிழ்க் குழந்தை தெய்வமாகவோ அரசனாகவோ இருப்பது. இங்கு நோக்கப்படுவன பெயரில்லாத வீட்டுக் குழந்தைகள்.

நெய்யடிசில்

புறம் 188ஐப் பாடியவன் பாண்டியன் அறிவுடைநம்பி. பலரோடு இருந்து உண்ணும் பெருஞ்செல்வராயினும், குழந்தைகள் இல்லாதவர்க்கு வாழும் நாளில் பயன் இல்லை என்பது பாடலின் கருத்து. துறை பொருண்மொழிக் காஞ்சி. அறவுரையாகிய இப்பாடல் நிலைத்து நிற்பது அறத்தால் அன்று, வினைச்சொற்களால். நடத்தல், நீட்டுதல், இடுதல், தொடுதல், கவ்வுதல், துழத்தல், விதிர்த்தல் என ஒன்றன்மேல் ஒன்றாக வரும் செயல்கள் அனைத்தும் நெய் கலந்த ஒரு கலத்துச் சோற்றின்மீது நிகழ்கின்றன. குழந்தை உண்டதா என்பதைப் பாடல் கூறவில்லை. சோறு உடம்பெல்லாம் சிதறியது என்பதோடு காட்சி நின்றுவிடுகிறது. வயிறு நிறைந்ததைக் காட்டிலும் சோறு வீணானதே இங்கு இன்பத்துக்குக் காரணம்.

இவ்வாறு சிந்துதலை மகிழ்ந்து பாடிய இம்மன்னனிடமே பிசிராந்தையார் வேறொரு சிந்துதலைப் பற்றிப் பேசினார் (புறம் 184). நெல்லை முறையாக அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் ஒரு மாவுக்கும் குறைந்த நிலத்தின் விளைவு யானைக்குப் பல நாள் போதும். நூறு வயல்களாயினும் யானை தனியே புகுந்து உண்டால், வாயில் புகுவதை விடக் காலால் அழிவதே மிகுதி. வரி கொள்ளும் முறை பற்றிய செவியறிவுறூஉ இது. இரு பாடல்களையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது, உண்பதைவிடச் சிதைப்பது மிகுதி என்ற ஒரே செயல் குழந்தையின் கையில் செல்வமாகவும் அரசின் காலில் கேடாகவும் அமைவதைக் காணலாம். அறிவுடைநம்பி இதனைக் கருதியே பாடினான் என்று கொள்ளச் சான்று இல்லை. ஆயினும் நெல்லின் அருமை உணர்த்தப்பட்ட ஒருவன் சோற்றைச் சிந்தும் குழந்தையைப் பாடினான் என்பது கவனிக்கத்தக்கது.

திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரத்தில் 64ஆம் குறள் இக்காட்சியை மேலும் ஒரு படி எடுத்துச் செல்கிறது. புறப்பாடலில் பெற்றோர் காண்கின்றனர். குறளிலோ குழந்தை அளைந்ததை உண்டு சுவைக்கின்றனர். அமிழ்தினும் இனியது என்ற ஒப்பீடு நாவால் பெற்றது. பரிமேலழகர் இக்குறளுக்கு உரை எழுதும்போது, சிறுகையால் அளாவுதல் யாது என்பதை விளக்கப் புறம் 188இன் அடிகளையே எடுத்தாள்கிறார். இரு நூல்களையும் இணைத்த இவ்வுரை பொருத்தமானது. எனினும் குறளில் உள்ள சொல் அடிசில் அன்று, கூழ். பரிமேலழகர் அதற்குச் சோறு என்றே பொருள் கொண்டார். கூழ் என்பது பொதுவாக உணவையும் குறிக்குமாதலால் அவ்வுரை பிழையன்று. ஆனால் கூழையும் சோற்றையும் வேறு வேறாக எண்ணிக் கூறும் பாடலும் புறநானூற்றில் உண்டு (புறம் 160). அவ்வழக்கை நோக்கினால், வள்ளுவர் குறித்த கலத்தில் நெய்ச்சோறு இருந்தது என்று கொள்ள வேண்டிய தேவையில்லை. கஞ்சியை அளைந்த கையும் அமிழ்தாக்கும் என்று பொருள் கொள்ளும்போது குறள் செல்வர் வீட்டிலிருந்து எளியோர் வீட்டுக்கும் வந்துவிடுகிறது. இப்பொருளே குறளுக்குச் சிறப்புத் தருவது எனலாம்.

பொற்கலமும் பூந்தலைக் கோலும்

ஊட்டுபவரின் களைப்பைக் காட்டும் பாடல் போதனார் இயற்றிய நற்றிணை 110. தேன் கலந்த இனிய பாலைப் பொற்கலத்தில் இட்டு ஒரு கையில் ஏந்தி, மென்மையான நுனியையுடைய சிறு கோலை மறு கையில் ஓங்கி, உண் என்று வற்புறுத்துகின்றனர். சிறுமி மறுத்துச் சிலம்பொலிக்க ஓடுகிறாள். நரைத்த கூந்தலையுடைய முதிய செவிலியர் பின்னே ஓடித் தளர்ந்து நின்றுவிட, அவள் வீட்டு முன் பந்தலுக்குள் போய்விடுகிறாள். கோல் அடிப்பதற்கு உரியதன்று என்பது அவளுக்கும் தெரியும், ஓங்குபவர்க்கும் தெரியும். இவ்விளையாட்டின் அடிப்படை அதுவே. செல்வ மனையில் ஊட்டும் வேலை செவிலியருடையது என்பதையும் இப்பாடல் உணர்த்துகிறது. பெரும்பாணாற்றுப்படையில் உழவர் மனைச் சிறுவர், ஊர்ந்து செல்லாமல் உருட்டி விளையாடும் சிறுதேரை உருட்டித் தளர்ந்தபின், செவிலியரைத் தழுவிப் பால் அருந்தித் துயில்கின்றனர். களைப்புற்ற கிழத்திகளும் பாலூட்டும் இளையோருமாக, குழந்தை இன்பத்தின் பின்னணியில் பிறர் உழைப்பு இருந்தது.

நற்றிணைப் பாடலின் பிற்பகுதி வேறு காலத்தைச் சேர்ந்தது. அன்று பால் மறுத்தவள் இன்று மணமாகிக் கணவன் வீட்டில் வாழ்கிறாள். அக்குடி வறுமையுற்றது. தந்தை வீட்டின் வளமான சோற்றை அவள் நினையாமல், ஒரு வேளை உண்டு ஒரு வேளை உண்ணாது காலம் கழிக்கிறாள். இந்த அறிவும் ஒழுக்கமும் எங்கிருந்து கற்றாள் என்ற வியப்பே பாடலின் நடுவில் ஒலிக்கிறது. மனைமருட்சி என்பது பாடலின் துறைக் குறிப்பு. இதனை மகளின் பொறுப்புணர்ச்சியைப் போற்றும் பாடலாக மட்டும் படிப்பது பெருவழக்கு. அது முழுமையன்று. உண் என்று துரத்தப்பட்டும் உண்ணாதவள், துரத்த எவரும் இல்லாத இடத்தில் உண்ண இயலாதவளாகிறாள். தாயின் நினைவில் பழைய பாற்கலம் எழுவது பெருமிதத்தால் மட்டும் அன்று.

கூடலூர் கிழாரின் குறுந்தொகை 167 இதற்கு மறுதலையான மனைக்காட்சி. மகளின் புதுமனைக்குச் சென்று கண்ட செவிலி நற்றாயிடம் கூறுவது. தயிரைப் பிசைந்த விரலை ஆடையிலேயே துடைத்து, அவ்வாடையை மாற்றாமல், தாளிப்பின் புகை கண்ணில் படப் புளிப்பாகர் ஆக்கியிருக்கிறாள் அவள். கணவன் இனிது என்று உண்டபோது அவள் முகம் நுண்ணிதாக மலர்ந்தது. இங்குக் குழந்தை இல்லை. ஆயினும் கறைபட்ட ஆடையையும் பிசைந்த விரலையும் கண்டு சொல்பவள், அவளைச் சோறூட்டி வளர்த்தவள். சமையலின் சுவையைப் பற்றிச் செவிலி விரித்துக் கூறாமல், முகம் மலர்ந்ததைக் கூறி முடிப்பது அதனாலேயே.

வெறுங்கலம்

குமணனைப் பாடிய பெருஞ்சித்திரனாரின் புறம் 160, மேற்கண்ட பாடல்களோடு ஒருங்கே படிக்கத்தக்கது. வீட்டில் உணவு இல்லாமையால் குழந்தை வீட்டையே மறந்து திரிகிறது. வந்தபோது தாயின் பாலற்ற மார்பைச் சுவைக்கிறது. ஒன்றும் பெறாமல், கூழோ சோறோ வேண்டி, வெற்றுக் கலங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அழுகிறது. தாய் புலி வருகிறது என்கிறாள்; நிலவைக் காட்டுகிறாள்; தந்தையை நினைத்து எப்படிச் சினங்கொள்வாய், காட்டு என்று கேட்கிறாள்.

இச்செயல்கள் யாவும் தமிழ் வீடுகளில் இன்றும் குழந்தைக்குச் சோறூட்டும்போது நிகழ்வன. பூச்சாண்டி வருகிறான் என்பதும், நிலவைக் காட்டி ஒரு வாய் ஊட்டுவதும், முகத்தைக் கோணச் செய்து சிரிக்க வைப்பதும் எல்லாத் தாயரும் அறிந்தவை. குழந்தை வாய் திறப்பதற்காகச் செய்யப்படும் இவற்றை இத்தாய், குழந்தை உணவைக் கேளாதிருப்பதற்காகச் செய்கிறாள். நற்றிணையின் கோல் உண்ணச் சொல்லி அச்சுறுத்துகிறது; இங்குப் புலி பசியை மறக்கச் சொல்லி அச்சுறுத்துகிறது. நிலவு காட்டும் கையில் சோறு இல்லை. அறிவுடைநம்பியின் பாடலில் சோற்றை நோக்கி நீண்ட கை, இங்கு மூடியைத் திறந்து பார்க்கிறது. வறுமையைக் கூறுவதற்குப் புலவர் புதிய சொல் எதையும் தேடவில்லை. ஊட்டும் காட்சியை அப்படியே வைத்து, உணவை மட்டும் நீக்கிவிட்டார்.

தந்தையின் பெயரால் சினத்தைக் கேட்பதும் தற்செயலன்று. பாடுபவர் அத்தந்தையே. பரிசில் வேண்டி அரசன் முன் நிற்கும் அவர், தம் குழந்தையின் சினத்துக்குத் தாமே இலக்கு என்பதை மன்னனுக்குச் சொல்லிவிடுகிறார். புறம் 159இல் முதிய தாயையும், குழந்தைகளால் தளர்ந்து, குப்பைக் கீரையின் இளந்தளிரைக் கொய்து உப்பும் மோரும் இன்றி அவித்துண்ணும் மனைவியையும் அவர் கூறினார். பெருந்தலைச் சாத்தனாரின் புறம் 164இல் சமைப்பதை மறந்த அடுப்பில் காளான் பூத்துள்ளது. குழந்தை தாயின் வறண்ட மார்பைச் சுவைக்குந்தோறும் அழுகிறது. அவள் குழந்தையின் முகத்தைப் பார்க்கிறாள். அவளது துன்பத்தைக் கணவன் பார்க்கிறான். பின் குமணனை நினைத்துப் புறப்படுகிறான். ஒருவர் பார்வை மற்றொருவர் மேல் விழுந்து இறுதியில் அரசனிடம் சென்று சேர்கிறது. பசித்தவர் வீட்டு அடுக்களை கொடையாளியின் அவைக்களத்துக்கு வந்துவிடும் வழி இது.

இப்புறப்பாடல்களில் தாய் தன் குரலில் பேசவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். அவள் குழந்தையிடம் கூறிய சொற்கள் கணவனின் பரிசில் வேண்டுகைக்குள் அடங்கி நம்மை வந்தடைகின்றன. கலம் வெறிதாக இருக்கும் நாளில் குழந்தையோடு வீட்டில் இருந்தவள் அவளே. அவன் வழிமேல் சென்றுவிட்டான்.

மனைகிழவோள்

பெருஞ்சித்திரனார் பரிசிலோடு திரும்பியபின் மனைவியிடம் கூறுவது புறம் 163. முதிரத்துத் தலைவன் குமணன் தந்த வளத்தை, உன்னை விரும்புவோர்க்கும், நீ விரும்புவோர்க்கும், சுற்றத்தார்க்கும், குடும்பத்தின் பசி தீரக் குறியெதிர்ப்பை தந்தோர்க்கும் கொடு. இன்னார் என்று பாராதே. என்னிடமும் கேளாதே என்கிறார். குறியெதிர்ப்பை என்பது அளந்து வாங்கி அதே அளவு திருப்பித் தரும் கைம்மாற்று. வெற்றுக் கலங்களைத் திறந்து குழந்தை அழுத நாள்களில் அண்டை வீடுகளிலிருந்து அளந்து வாங்கப்பட்ட அரிசி இச்சொல்லில் இருக்கிறது. அக்கணக்கை அறிந்தவள் மனைவி. யாருக்கு எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பது கணவனைக் கேட்டுத் தெரிய வேண்டியதன்று. இப்பாடலில் குழந்தை குறிக்கப்படவில்லை. கலம் நிறைந்த வீட்டில் அது முதலில் உண்டிருக்கும் என்று கருதலாம்.