மூன்றாம் வாரத்தில் தட்டுப்படும் கழுத்துக் கட்டி

பிறந்த அன்று மருத்துவர் தடவிப் பார்த்தபோது கழுத்தில் எதுவும் இருந்திருக்காது. இரண்டு மூன்று வாரம் கழித்து, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் பாட்டியின் விரலில்தான் பெரும்பாலும் அது முதலில் தட்டுப்படும். கழுத்தின் ஒரு பக்கம், அதிகமும் வலப் பக்கம், கொட்டைப்பாக்கு அளவில் கெட்டியாக ஒரு வீக்கம். தோல் சிவந்திருக்காது, சூடும் இருக்காது. குழந்தை வழக்கம்போலப் பால் குடிக்கும். ஆனால் அன்று வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

இந்த வயதில், இந்த இடத்தில் இப்படி வரும் கட்டி பெரும்பாலும் 'ஃபைப்ரோமடோசிஸ் கோலி'யாக இருக்கும். புற்றுநோய் அல்ல. காதுக்குப் பின்னாலிருந்து சரிந்து இறங்கி, காறை எலும்பிலும் மார்பெலும்பிலும் முடியும் பெரிய தசையின் ஒரு பகுதி நார்த்திசுவாகித் தடித்துப்போவதுதான் இது. ஆயிரம் குழந்தைகளில் நான்கு பேருக்கு வரலாம் என்பது மருத்துவ நூல்கள் தரும் கணக்கு. சில வாரங்கள் வளரும், பிறகு அப்படியே நிற்கும், அடுத்த சில மாதங்களில் தானாகக் கரையும்.

எதனால் வருகிறது? ஆயுதம் போட்டு எடுத்த குழந்தை, கால் முதலில் வந்த குழந்தை, தலைப்பிள்ளை ஆகியோரிடம் கூடுதலாகக் காணப்படுவதால், பிரசவத்தில் கழுத்து இழுபட்டு ரத்தம் கட்டிவிட்டது என்று முன்பு நினைத்தார்கள். ஆனால் சிசேரியனில் பிறந்த குழந்தைகளுக்கும் இது வருகிறது. கர்ப்பப்பைக்குள்ளேயே தலை ஒரு பக்கமாக நெருக்குண்டு கிடந்ததில் தசைக்கு ரத்தம் சரியாகப் போகாமல், அது தழும்பாக ஆறுகிறது என்ற விளக்கம் இன்று வலுவாக முன்வைக்கப்படுகிறது. அப்படியானால் கடினப் பிரசவம் காரணம் அல்ல, அதே நெருக்கடியின் இன்னொரு விளைவு. பிரசவம் பார்த்தவர்மேல் பழி போடும் முன் இதை யோசிக்கலாம்.

நோயைக் கண்டறிவதில் பாதி வேலை கையாலேயே முடிந்துவிடும். கட்டி தசைக்குள்ளேயே இருக்கிறதா, தசையோடு சேர்ந்து நகர்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் ஒரு தடயம். வலப் பக்கத் தசை இறுகினால் தலை வலப்பக்கம் சாயும், முகவாய் இடப்பக்கம் திரும்பும். சாய்வு எல்லாக் குழந்தைகளுக்கும் இருக்காது.

மீதிப் பாதிக்கு அல்ட்ராசவுண்ட் போதும். கதிர்வீச்சு இல்லை, மயக்க மருந்து வேண்டாம், அம்மா மடியில் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிடலாம். இரு பக்கத் தசைகளையும் ஒப்பிட்டால் ஒன்று நடுவில் பருத்து, இரு முனைகளிலும் சாதாரணத் தசையாகத் தொடர்வது தெரியும். பருத்த இடம் திரையில் வெளிறியும் இருக்கலாம், கறுத்தும் இருக்கலாம். அதை வைத்து முடிவு சொல்ல முடியாது. பருமன் தசையின் எல்லைக்குள்ளேயே நிற்கிறதா என்பதே கேள்வி. எல்லை தாண்டினாலோ, உள்ளே சுண்ணாம்புப் படிவு தெரிந்தாலோ, பக்கத்தில் நெறிகள் பெருத்திருந்தாலோ எம்ஆர்ஐ, ஊசி வழியாகத் திசு எடுத்தல் என்று அடுத்த கட்டம் தேவைப்படும். ஸ்கேன் தெளிவாக இருக்கும்போதே 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஊசிக்கும் சிடி ஸ்கேனுக்கும் ஓடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வேறு கட்டிகளும் உண்டு. பிறக்கும்போதே மெத்தென்று இருந்து, டார்ச் அடித்தால் ஒளி ஊடுருவினால் அது நிணநீர்ப் பை. நடுக்கழுத்தில் இருந்து, விழுங்கும்போது மேலே ஏறினால் தைராய்டு நாளக் கட்டி. இது பச்சிளம் வயதைவிடச் சற்று வளர்ந்த பிள்ளைகளிடமே அதிகம். தசையின் முன் ஓரத்தில் சிறு துளையும் நீர்க்கசிவும் இருந்தால் கருவில் மூட வேண்டிய பிளவின் மிச்சம். நம் ஊரில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். பிறந்ததும் இடது தோளில் போடும் பிசிஜி தடுப்பூசியால் சில வாரங்களோ மாதங்களோ கழித்து இடது அக்குளில், எப்போதாவது இடது காறை எலும்புக்கு மேலே, நெறி கட்டலாம். பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு: மூச்சில் இரைச்சல், காய்ச்சலோடு சிவந்த வீக்கம், விடாமல் பெரிதாகும் கட்டி, கட்டி உள்ள பக்கத்துக் கண்ணிமை தொங்கிக் கண்மணி சுருங்கியிருத்தல். கடைசி அறிகுறி, அரிதாக, நரம்பில் தோன்றும் புற்றுக்கட்டியைக் காட்டக்கூடும்.

தலை சாய்ந்த குழந்தையைப் பார்த்ததும் 'உரம் விழுந்திருக்கு' என்று சேலையில் போட்டு இருவர் பிடித்து உருட்டும் வழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. தடித்த தசை உருட்டுவதால் இளகாது. நிற்காத கழுத்துக்கு ஆபத்து வேறு. கட்டி எப்படியும் கரையக்கூடியது என்பதால் பெயர் மட்டும் உரம் எடுத்தவருக்குப் போய்ச் சேரும். கட்டியை அழுத்தி உருவி விடுவதும் வேண்டாம்.

கழுத்து இறுகியிருந்தால் பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தரும் நீட்டல் பயிற்சிதான் சிகிச்சை. மூன்று மாதத்துக்குள் தொடங்கினால் பலன் நன்றாக இருக்கும். கட்டி வலப்பக்கம் என்றால் கிலுகிலுப்பையை வலப்பக்கமே ஆட்ட வேண்டும், குழந்தை முகத்தை அங்கே திருப்புவதற்காக. விழித்திருக்கும்போது, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு, குப்புறப் போடலாம். ஒரே பக்கமாகப் படுத்தால் மண்டை தட்டையாகும். இதே குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டுக் குறைபாடும் சற்று அதிகம் என்பதால், மருத்துவர் கழுத்தோடு தொடையையும் விரித்துப் பார்ப்பார். ஒரு வயதுக்குப் பிறகும் இறுக்கம் விடாத சிலருக்குத்தான் தசையை வெட்டி நீளமாக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது.